முன்பணம்

செவ்வாய் இரவு எட்டிலிருந்து பத்து,
இரண்டாம் ஆடுகளம்: லாரிக்காரர்கள்.
புதன் மாலை மேடம் லிம் சூன் ஹியாங்,
கூட இருபத்து மூன்று பெண்கள், ஒரே நிறச் சட்டை,
ஒரே பக்கம் திரும்பும் இடுப்பு.
வியாழன் யாரும் எடுப்பதில்லை. ஏனென்று நான் கேட்டதில்லை.
சனி, ஞாயிறு கல்யாணம், பிறந்தநாள்,
ஒரு முறை, வேறு இடம் கிடைக்காமல்,
பதினாறாம் நாள் சாப்பாடு.

செந்தூல் பொது மண்டபத்தின் பதிவுப் புத்தகம்
பதினொரு வருடமாக என் கையெழுத்து.

மார்ச்சில் மாநகர் மன்றத்திலிருந்து
என்ஜினியர் ஹஃபிசுடின் வந்தார்.
மேடைக்குப் பின்சுவரில் ஏணி சாய்த்து
விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார்.
விரல் அகலம். பிஸ்கட் நீளம்.
"தினமும் பாருங்கள். சுவர் நகர்ந்தால்
முதலில் இதுதான் உடையும்.
உடைந்தால் அன்றே கூப்பிடுங்கள்."

பார்த்தேன்.
கொமுட்டர் போனது, சரக்கு ரயில் போனது,
ஜன்னல்கள் பல்லைக் கடித்தன.
லாரிக்காரர்கள் அடித்த பூப்பந்து
கூரை விசிறியில் போய் உட்கார்ந்தது.
கண்ணாடி சும்மா இருந்தது.
காலையில் கதவைத் திறந்ததும்
சாமி படத்துக்கும் முன்னால்
அதைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உடைந்திருந்தது.
சில்லு எதுவும் விழவில்லை.
நடுவில் மயிரிழையாய் ஒரு கோடு,
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிவது.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
பிறகு அணைத்தேன்.

மறுநாள் சரபேஸ்வரன் மகளின் கல்யாண விருந்து.
நானூறு பேர். எனக்கும் பத்திரிகை.
நாற்காலிகள் வந்து இறங்கியாயிற்று,
பின்கட்டில் ஆட்டுக்கறி மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது.
போனை எடுத்தேன். வைத்தேன்.
இரண்டு நாள்தானே, திங்கள் சொல்லலாம் என்றது
என் வாய், என் காதுக்குள்.

அந்த இரவு
பாட்டுப் பெட்டிகளை மேடையில் அடுக்கினார்கள்,
சுவரில் சாய்த்து.
ஒவ்வொரு அடிக்கும் என் தண்ணீர்க் குவளையில் வட்டம்.
ஒரு குழந்தை பலூனைத் துரத்தி மேடைக்குப் பின்னால் ஓடியது.
எழுந்து ஓடினேன், கையைப் பிடித்து இழுத்தேன்,
அது வீறிட்டது, அதன் அம்மா என்னை முறைத்தாள்.
மன்னிப்புக் கேட்டேன்.
காரணம் சொல்லவில்லை.

சுவர் நின்றது.
விழுந்திருந்தால் எனக்கொரு பெயர் வைத்திருப்பார்கள்.
நின்றுவிட்டதால்
நான் பழைய பெயரோடே இருக்கிறேன்.

திங்கள் கூப்பிட்டேன். "எப்போது உடைந்தது?"
"இன்று காலை."
எழுதிக்கொண்டார்.
அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அது இருக்கிறது,
முத்திரையோடு, என் பெயரோடு.
பழுதுபார்ப்பதைவிட இடிப்பது மலிவு என்று
புதன்கிழமைக் கூட்டம் முடிவெடுத்தது.
வாசலில் சங்கிலி. சிவப்பு எழுத்தில் மலாய் அறிவிப்பு.

இப்போது வெளியே ஒரு மேசை போட்டு
முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்.
மேடம் லிம் மூன்று முறை எண்ணினார்,
"புதன்கிழமை இனி என்ன செய்வது" என்று
என்னைப் பார்க்காமல் சுவரைக் கேட்டார்.
லாரிக்காரர்கள் சுண்ணாம்பு வாங்கிவிட்டார்களாம்,
பாலத்துக்கு அடியில் கோடு போட.
எல்லோரும் கிளம்பும்போது ஒன்றைச் சொல்கிறார்கள்:
நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
நல்லவேளை.
மீதிச் சில்லறை கொடுப்பதுபோல்
நானும் அதைத் திருப்பிச் சொல்கிறேன்.

சரபேஸ்வரன் கடைசியாக வந்தார்.
துப்புரவுக்கென்று கட்டிய இருநூறு ரிங்கிட்.
"எங்கள் வீட்டு விசேஷம்தான் கடைசி.
ராசியான மண்டபம்மா."
கையெழுத்துப் போட்டார்.
தேதிக் கட்டத்தில் பேனா நின்றது.
"இன்றைக்கு என்ன தேதி?"

சரியான தேதியைச் சொன்னேன்.