நானூற்றுப் பன்னிரண்டு டாலர்

டோத்தனில், சலவைக் கடையை ஒட்டிய அறை என்னுடையது.
உலர்த்தி சுழலும்போதெல்லாம் மேசை அதிரும்,
தசமப் புள்ளிகள் இடம் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கும்.
மார்ச் கடைசியில் லாய்ட் ஹார்ட்விக் வந்தார்,
தொப்பியில் நிலக்கடலை ஆலையின் தூசு,
கையில் காலணிப் பெட்டி நிறையத் தாள்கள்.

"மாநிலத்துக்கு முதலில் போடு, அது சின்னது."
முடியாது என்றேன்.
வாஷிங்டனுக்கு நீங்கள் கட்டுவதைக் கழித்துவிட்டுத்தான்
அலபாமா மிச்சத்தைப் பார்க்கும்.
அலபாமா பிடித்ததைக் கழிக்க
வாஷிங்டனும் விடும், ஒரு வரம்பு வரை.
இந்த வரி நிரம்ப அந்த வரி வேண்டும்,
அந்த வரி நிரம்ப இந்த வரி.

"நீ போ, நீ போ என்று வாசலிலேயே நிற்பார்களோ?"
"இல்லை. வாஷிங்டன்தான் முதலில் நுழையும்."
"எங்கள் வீட்டில் இமோஜின்" என்றார்.

பெட்டியின் அடியில், பிரித்து மறுபடி ஒட்டிய ஓர் உறை.
மாநிலம் போன ஏப்ரலில் திருப்பித் தந்த காசோலை:
நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
லாய்ட், இமோஜின். இரண்டு பெயர்.
அது தபாலில் வந்தபோது
அவளைப் புதைத்துப் பதினோரு நாள்.
வங்கி வாங்கத் தயாராகத்தான் இருந்தது,
அவர் கொடுக்கவில்லை.

போன வருடம் கழித்துக் காட்டிய பணம் இது,
திரும்பி வந்ததால் இந்த வருடம் வருமானம்.
மாநிலம் கேட்காது,
ஆனால் தந்துவிட்டதாக வாஷிங்டனுக்குச் சொல்லியிருக்கும்.

"நான் மாற்றவே இல்லையே."
கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போகலாம், லாய்ட்,
கணக்குக்கு எட்டிவிடும்.
சொன்ன பிறகு
சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

தட்டினேன். வாஷிங்டனுக்கு நாற்பத்தொன்பது டாலர் ஏறியது.
அது ஏறியதால்
அலபாமாவில் ஏறக்குறைய இரண்டரை டாலர் இறங்கியது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"திரும்பி வந்தால் வருமானம்."
"ஆமாம்."
"எது வந்தாலுமா?"
பக்கத்தில் உலர்த்தி நின்றது. யாரோ
ஈரம் போகாத போர்வையை உதறும் சத்தம்.

இணையர் என்ற கட்டத்தில் இருந்த குறியை எடுத்து
தனியர் என்பதில் வைத்தேன்.
அதற்கு மட்டும் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு படிவத்திலும் கையெழுத்திட்டார்,
முதலில் வாஷிங்டன்.
காசோலையை உறையில் வைத்து
நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டப் பார்த்தார்.
பசை எப்போதோ தீர்ந்திருந்தது.
என் டேப்பை நகர்த்தி வைத்தேன்.