நாற்பத்தேழாம் வரி

புவெர்த்தோ மோன்ட்டில் ஒன்பதாம் நாளாக மழை.
மூன்றாம் மாடியில் நானும்
யாரோ அணைக்க மறந்த ஹீட்டரும்
தெற்கை ஓர் அட்டவணையாக விரித்து வைத்திருக்கிறோம்.

எங்கள் நாடே ஒரு நாடா.
வளையம் போட அகலமில்லை.
ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல்,
நடுவே தலைமுடித் தடிமனில் கண்ணாடி இழை.
அதற்குள் எண்பது நிறங்கள்,
எந்தக் கண்ணுக்கும் தெரியாத எண்பது.

என் வேலை மூட்டை கட்டுவது.
சால்மன் பண்ணையின் கேமராக்கள்,
மருத்துவமனையின் எக்ஸ்ரே,
வங்கியின் நள்ளிரவுக் கணக்கு,
தூங்காத எவனோ பார்க்கும் கால்பந்து,
இந்தச் சில்லறையை எல்லாம் நோட்டாக மாற்றி
ஒரே நிறத்துக்குள் திணிக்க வேண்டும்.
நூறு இருக்கை வண்டியில் பதினோரு பேர் போனால்
கேள்வி என்னிடம்தான் வரும்.

மூட்டையைப் பிரித்துக் கட்டும் ஊரில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் அட்டைகள்.
ஓர் அட்டையின் விலைக்கு
என் தம்பி படகு வாங்கிவிடுவான்,
மோட்டாரோடு.
இந்த ஆண்டுக்கு ஆறு. பேச்சு முடிந்தது.

மென்பொருள் ஐந்து மணி நேரம் யோசித்தது.
அது சொன்ன ஊர்களில் காலேத்தா முயேர்மோ இல்லை.
அங்கே ஒளி இறங்காது.
களைத்து வரும்,
பெருக்கி முதுகில் தட்டும்,
போய்விடும்.

போன மார்ச்சில் போயிருந்தேன்.
பெருக்கிக் கொட்டகையின் சாவி
எவரிஸ்தோ நவெல்கினிடம்.
மாதமொருமுறை டீசல் ஊற்றுவார், எலிப்பொறி பார்ப்பார்.
உள்ளே என்ன ஓடுகிறது என்றார்.
சொன்னேன்.
"இவ்வளவும் என் வாசல் வழியாகவா?"
போனைத் தூக்கிக் காட்டினார்.
ஒரு கோடுகூட இல்லை.
அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

இன்றிரவு நாற்பத்தேழாம் வரியில் நின்றேன்.
காலேத்தா முயேர்மோ. தேவை: பூஜ்யம்.
போட்டது யார் என்று தேடினேன்.
நான்.
பூஜ்யமென்றால் அந்த ஊரைத் தாண்டிப் போ என்று
வேகத்துக்காக விதி எழுதியதும்
நானே.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.
சரி,
அழுகை போய்ச் சேரக் கம்பி வேண்டாமா?

பூஜ்யத்தை அழித்து
ஒன்று என்று அடித்தேன்.
ஓடவிட்டேன்.

நாலரை மணிக்கு விடை.
முயேர்மோவில் பெட்டி இறங்கியிருந்தது.
அரைகுறையாய்ப் போன மூன்று சால்மன் மூட்டைகளை
அங்கேயே பிரித்து ஒன்றாகக் கட்டியதில்
காஸ்த்ரோவில் இரண்டு அட்டை மிச்சம்.
இங்கே வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று.
மொத்தம் அதே ஆறு.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

பேட்டரி, கூரை ஒழுகல்
எல்லாம் வேறு துறை, வேறு சண்டை.
மேலாளர் ஒன்பது மணிக்கு வருவார்,
அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்பார்.
பதில் இன்னும் தயாரில்லை.

எவரிஸ்தோவுக்குச் சொல்ல வேண்டும்.
போன் போகாது.
வியாழக்கிழமை டீசல் படகில்
ஒரு சீட்டு கொடுத்தனுப்பலாம்:
இடது சுவரோரம் அரை மீட்டர் இடம் விடவும்,
எலிப்பொறியை நகர்த்தவும்.