மூன்று பாகத்தில் ஒரு பார்

வியாகுலம் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது
பட்டறையில் நாங்கள் இருவர்தான்.
மூன்றாவதாக அவனுடைய கியர்பாக்ஸ்,
வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது.
ரசீது இல்லை. எங்களுக்குள் என்றைக்கும் இருந்ததில்லை.

வாடை தொடங்கி, வடகடல் ஆகாதென்று
மண்டபமே தென்கடலுக்கு மாறியிருந்த வாரம்.
தன் வல்லம் என்னிடம் கிடந்ததால்
வேறொருவன் வல்லத்தில் கூலிக்குப் போனான்.
முயல்தீவுக்குத் தெற்கே தவறி விழுந்தான்.
இரண்டாம் நாள் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து கை கழுவும்போது தோன்றியது:
அந்தத் தொகை தெரிந்தவன்
இனி உலகத்தில் நான் ஒருவன்.

மேலே ஒருவர் இருக்கிறார் என்பதைப்
பதினேழு வயதில் விட்டவன் நான்.
சண்டையெல்லாம் இல்லை,
பீடியை விட்டதைவிடச் சுலபமாக இருந்தது.

பதினோரு நாள் வைத்திருந்தேன்.
பதினோரு நாளும்
தொட்ட இன்ஜினெல்லாம் முதல் இழுப்பில் பிடித்தது.
நன்றாகத் தூங்கினேன்,
அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.
தூக்கம் கெட்டிருந்தால்
மனசாட்சி என்று பெயர் வைத்து முடித்திருப்பேன்.
மகளின் பாலிடெக்னிக் கட்டணத்துக்குக்
கெடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பெயர் சொல்லாமல்
டீக்கடை மைதீன்பிச்சையிடம் கேட்டேன்:
செத்தவன் பணம். சாட்சி கிடையாது. என்ன செய்ய?
"மறுமையில கேள்வி இருக்குண்ணே."
இல்லையென்று வைத்துக்கொள்ளேன்?
கிளாஸை அலசிக் கவிழ்த்தபடி,
"இல்லாட்டியும் அது அவம் பணந்தான?"
இரண்டில் எது தன்னுடைய பதிலென்று
அவனுக்கே தெரிந்திருக்காது.

தென்கடலில் ஒரு திட்டு இருக்கிறது,
மூன்று பாகத் தண்ணீருக்கு அடியில்.
பார் என்றுதான் பெயர். பார்த்தவர் குறைவு.
ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைக்காதவனுக்கும்
அங்கே வலை கிழிகிறது.
தாயத்துக் கட்டிய கை இழுத்தாலும்
அந்தோணியார் படம் ஒட்டிய வல்லம் இழுத்தாலும்
ஒன்றும் ஒட்டாத என் மாதிரி ஆள் இழுத்தாலும்
அதே இடத்தில், அதே கிழிசல்.
யார் வைத்தது அதை என்று கேட்கலாம்.
கேட்டுக்கொண்டே
சுக்கானையும் திருப்ப வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் போனேன்.
கொஞ்சம் பெரிய ஆளாகத்தான் போனேன்.
நரகம் இல்லை, கூலி இல்லை,
கேட்பார் இல்லை, ஆனாலும் ஒருவன் கொடுக்கிறான்.
இதைப் பார்க்க ஒருவரும் இல்லையே என்று
லேசாக வருத்தம்கூட இருந்தது.

மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து
எச்சில் தொட்டு, இரண்டு முறை எண்ணினாள் பிலோமி.
"முப்பத்திரண்டு இருக்கு.
முப்பத்திநாலுன்னு சொன்னாரே."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
பதினோரு நாளும்.
கேட்டிருக்கலாமே, என்றேன்.
"வர்றீகளான்னு பாத்தேன்.
நாளைக்கும் வரலைன்னா
எங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பேன்."

முப்பத்திரண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.
சத்தியமாக.
எதன்மேல் அடித்தேனோ அந்தச் சத்தியத்தை!
அப்புறம்தான் ஞாபகம் வந்தது:
அன்று சாயங்காலமே அதிலிருந்து இரண்டை உருவி
வேறொரு வல்லத்துக்குப் பேரிங் வாங்கியது.

எத்தனை முறை உள்ளே இறங்கிக் கேட்டிருப்பேன்,
ஒவ்வொரு முறையும் முப்பத்திரண்டு என்றது நெஞ்சு.
முப்பத்திரண்டுக்கு அது சுத்தம்.
தொகை மட்டும்
முப்பத்திநாலாகவே கிடந்திருக்கிறது,
என் நெஞ்சுக்கும் கீழே,
நான் குண்டு விட்டு அளக்காத ஆழத்தில்.

மீதியைத் திங்கட்கிழமை தருகிறேன் என்றேன்.
மாதாவை ஒரு தரம் பார்த்தாள்.
என்னை ஒரு தரம்.
பையனின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து
"எழுதிக் குடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள்.