கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை

கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடியில் எங்கள் ஸ்டூடியோ.
முன்னறையில் முஸ்பிர் நானா படம் பிடிப்பார்.
பின்னறையில் நான்
முகங்களைத் துடைப்பேன்.

ஆறு வருடம்.
கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை அகலம்,
என் சம்பளம் அதற்குள்தான்.
கன்னத்தில் நல்ல தோலாய்ப் பார்த்து
கொஞ்சம் கிள்ளி எடுத்து
கறுப்பின் மேல் ஒட்டுவேன்.
முகத்துக்கு முந்நூறு ரூபாய்,
கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் அல்பத்தோடு சேரும்.

பாதிக் கறுப்பு எங்கள் விளக்கின் குற்றம்.
உச்சியில் ஒற்றை டியூப் லைட்,
யாரை இருத்தினாலும் கண்குழியில் நிழல் விழும்.
சொன்னால் நானா கேட்கமாட்டார்:
"விளக்க மாத்தினா உனக்கென்ன வேல?"

மீதிப் பாதிக்கு
ஆட்கள் தாங்களாகவே காரணம் சொல்வார்கள்.
அரிசி ஆலையில் தவிடு அள்ளுகிற ஒருத்தி
தும்மித் தும்மிக் கண்ணைக் கசக்கியபடி வந்தாள்.
உயர்தரப் பரீட்சைக்கு இருக்கிற பெடியன்
படிப்பென்று சொன்னான்.
பின்னால் நின்ற தாய்
ஃபோன் என்று விரலால் காட்டினாள்.
கிளினிக் கொப்பியோடு வந்தவள்
கீழிமையை இழுத்தே காட்டிவிட்டாள்,
உள்ளே துவைத்த துணி போல வெள்ளை.
"ரெத்தம் காணாதாம். குளிசை தந்திருக்கு,
போட்டா வயிறு ஒத்துக்கொள்ளுதில்ல."
படத்தில் சரிசெய்தேன்.
காசு எண்ணும்போது பார்த்தால்
நகங்களும் வெளுத்திருந்தன.
நகத்துக்கு எங்களிடம் விலை இல்லை.

இறக்காமத்து மீராலெவ்வை காக்கா
அடையாள அட்டைக்கு வந்தார்.
இரண்டு மாதமாய் வட்டையில், பரணில் இரவு.
குடலைப் பயிருக்குள் ஆனை இறங்கினால்
போகம் முழுக்கப் போச்சு.
சட்டையில் இன்னும் யானைவெடிப் புகை மணம்.
"இதக் கொஞ்சம் வெளுப்பாட்டு, பிள்ளே."
அடையாள அட்டைப் படத்தில் கைவைக்க ஏலாது என்றேன்.
சிரித்தார்.
"அப்ப அரசாங்கத்துக்கும் தெரியட்டும்
நான் தூங்கல்ல எண்டு."

பிறகு பாண்டிருப்பிலிருந்து
மேசன் நவரெத்தினத்தின் குடும்பம்.
மூத்தவள் கனடாவுக்குப் போகிறாள்,
போகுமுன் எட்டுப்பேரும் ஒரே படத்தில் வேண்டுமாம்.
"எல்லாருக்கும் கண்ணக் கிளீன் பண்ணிருங்க, தங்கச்சி."

தாயில் தொடங்கினேன்.
மூத்தவள், இரட்டைப் பெடியன்கள்,
தாயின் தம்பி, அவருடைய மகள், அவள் மடியில் கைக்குழந்தை.
குழந்தைக்கும் அதே மங்கல் நீலம், அதே பிறை வடிவம்.
பால் குடித்துவிட்டு உறங்குகிற பிள்ளைக்கு
என்ன கடன், என்ன விழிப்பு?
வரும்போதே கொண்டு வந்தது அது.
துடைத்தேன்.

சிறிதாக்கிப் பார்த்தேன்.
எட்டுப்பேர்
அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள்.
ஆளுக்கொரு மூக்கு, ஆளுக்கொரு நிறம்.
ஒருவருக்கொருவர் என்ன முறை என்று
அந்தப் படத்தைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்டூ.
முதலில் குழந்தைக்கு வந்தது.
அன்டூ, அன்டூ.
ஒவ்வொருவராய்ப் பின்னோக்கி ஏறி
கடைசியில் தாயின் முகத்தில் போய் உட்கார்ந்தது.
அதில் பாதியை மட்டும் குறைத்து அச்சடித்தேன்.

நவரெத்தினம் படத்தை யன்னலுக்குக் கொண்டுபோய்
நெடுநேரம் பார்த்தார்.
"இன்னும் கொஞ்சம் கிடக்கே?"
பிரிண்டர் கோளாறு என்றேன்.
நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு தந்தார்.

பங்குனியில் காக்கா மறுகா வந்தார்.
வங்கிக் கடனுக்குப் பாஸ்போர்ட் அளவில் நாலு.
"வெள்ளாமை வெட்டி, பத்து நாள் படுத்தெழும்பிட்டன்.
ஆன காட்டுக்குப் போயிட்டு.
இது போகல்ல, பிள்ளே."

இந்தப் படத்தில் கைவைக்கலாம், துடைக்கவா என்றேன்.

திரையில் தன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார்.
"கடன் கேக்கப் போற முகம்.
கிடக்கட்டும்."