நாலு பல்

ஏற்காடு மலைப்பாதை, எட்டாவது கொண்டை ஊசி வளைவு.
அங்கே என் நாலு பல் கிடக்கிறது.
மேல்வரிசை, முன்பக்கம்.
பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும்
அந்த வளைவில் என் நாக்கு
தானாகப் போய்த் தடவிப் பார்க்கும்,
காலி செய்துபோனவர்களின் வீட்டை
ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுபோல்.

வண்டியை ஓட்டியவள் தவமணி.
அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.
ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தாள்.
ஃபிளாஸ்க்கில் கஞ்சி, உறிஞ்சக் குழல், துடைக்கத் துண்டு
எல்லாம் எடுத்து வந்தாள்.
ஒன்றை மட்டும் தினமும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.
எனக்கோ ‘த’ வரவில்லை.
அவள் பெயரைக் கூப்பிட்டால்
வெறும் காற்றும் ஒரு மணியும் வந்தது.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
போனது என் பல்.
சொல் போனது அவளுக்கு.

மார்கழியில் பட்டறைக்கு இரண்டு நாள் விடுமுறை.
பனங்காட்டிலிருந்து பதினோரு பெண்கள் மலையேறினோம்.
நாகலூர்ப் பக்கம் ஒரு வாடகை வீடு,
பின்கட்டில் பிடுங்கிப்போட்ட காப்பிச்செடியின் தூர்கள்,
அடுப்புக்கு மூன்று சிமெண்ட் கல்,
மேலே யாரோ தூக்கிப்போட்ட பிரிட்ஜின் கம்பித்தட்டு.
ரெஜினா மசாலா தடவிய கோழி.
எலும்பை இழுத்துக் கடித்து
கையை நக்கிக்கொண்டு
எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.
நான் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தேன்.

தவமணி பையைத் திறந்து
மூன்று முழுப் பூண்டு எடுத்தாள்.
லீ பஜாரில் பொறுக்கியது, குழந்தையின் முஷ்டி அளவு.
தலையை மட்டும் சீவினாள்.
நல்லெண்ணெய், கல்லுப்பு.
தணல் நடுவில் வைக்கவில்லை, ஓரத்தில் வைத்தாள்.
“தோலுகூட உரிக்காம என்னடி இது?”
ரெஜினா கேட்டாள். பதில் இல்லை.
“முக்கா மணி ஆகும்” என்றாள் பிறகு,
யாரையும் பார்க்காமல்.

ஒன்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துப் பலகையில்
கொலுசுக் கண்ணி பற்றவைக்கிறோம்.
வெள்ளி சிவந்து
உருகி ஓடுவதற்கு ஒரு மூச்சு முன்னால்
ஊதுகுழலை விலக்கத் தெரிந்தவள் அவள்.
அந்த ஒரு மூச்சு
அன்றைக்கு அந்த வளைவில் அவளிடம் இல்லை.
யாரிடம்தான் எப்போதும் இருக்கிறது?

கோழி தீர்ந்தது. பனிமூட்டம் உள்ளே வந்து
பாதிப் பேரைக் கம்பளிக்குள் துரத்தியது.
பூண்டின் மேல்தோல் கருகிச் சுருண்டது.
எண்ணெய் கொப்பளித்துச் சொட்டும்போதெல்லாம்
தணல் ஒருதரம் கண் விழித்து மூடியது.
பட்டறை இடுக்கியையே கொண்டுவந்திருந்தாள்.
புரட்டினாள். காத்திருந்தாள்.
மறுபடி புரட்டினாள்.

சாக்குத் துண்டில் பிடித்து அடியை அமுக்கினாள்.
ஒரு பல் வழுக்கி வெளியே வந்தது,
வெல்லப்பாகின் நிறத்தில்.
மெல்ல எதுவும் இல்லை. நாக்கும் மேலண்ணமும் போதும்.
தித்தித்தது. பூண்டு தித்திக்கும் என்று
முப்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.
“காரம் எங்க போச்சு?”
“உள்ளுக்குள்ளயே வெந்துபோச்சு.”

அடுத்ததை அமுக்கித் தட்டில் வைத்தாள்.
அதன் பக்கத்தில் இன்னொன்று.
மூன்று.
நான்கு. வரிசையாக.
அவள் கை நின்றது.
நானும் பார்த்தேன்.
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை,
ஆனால் நான் வாயைப் பொத்தவில்லை.
கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.
புகை எதிர்ப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் இறங்கும் பஸ்ஸில்
எங்கள் இருக்கையைச் சுற்றி நாலு வரிசை
மூக்கைப் பிடித்துக்கொண்டது.
எட்டாவது வளைவில் நாக்கு வழக்கம்போல் போனது.
தவமணி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.
கூப்பிட்டேன்.
முதல் எழுத்து அப்போதும் சரியாக வரவில்லை.
திரும்பினாள்.