தூக்கிவிட்டுத் தள்ளு

குத்தாயிசி.
வரைபடத்தை விரலால் விரித்து விரித்துத்தான்
கண்டுபிடித்தேன்.
வாடகை, மின்சாரம், தக்காளி, பல் பிடுங்கும் செலவு,
கட்டம் போட்டுக் கூட்டியதில்
கையிருப்பு பதினொரு வருஷம் தாங்கும் என்றது கணக்கு.
இருந்த ஊரில் அது
மூன்று வருஷத்துக்கே காணாது.

வேலை என்னை விட்ட ஐம்பத்திரண்டாம் வயதில்
இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினேன்.
மழை.
சேற்று நிறத்தில் ரியோனி ஆறு
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த நாட்டுப் பணத்தின் பெயர் லாரி.
மாதம் அறுநூறு லாரி வாடகை என்று
தம்பிக்கு எழுதினால்
நிறுத்த இடமிருக்கிறதா என்று கேட்கிறான்.

சந்தையில் தக்காளி வாங்கும்போது
புதிதாகக் கற்ற நான்கு சொற்களில் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன்:
மலிவு.
சியாலா தராசிலிருந்து கண்ணெடுக்காமல்
யாருக்கு என்றாள்.
அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
வீட்டுக்கு வந்து
அகராதியில் தேடினேன்.

வீடு நுக்ஸாருடையது. கீழே அவர், மேலே நான்.
மேலறை அவர் மனைவியுடையது.
எதேரி பாரிக்குப் போய் ஒன்பது வருஷம்,
இத்தாலியில் யாரோ ஒரு கிழவருக்குக்
குளிப்பாட்ட, ஊட்ட, இரவில் புரட்டிப் படுக்கவைக்க.
மாதம் இருமுறை அங்கிருந்து ஒரு வேன் வரும்,
ஆலிவ் எண்ணெய், சோப்பு, ஸ்பகெட்டி.
நுக்ஸார் ஸ்பகெட்டி தின்பதில்லை.
அலமாரியில் பிரிக்காமல்
இருபத்தாறு பொட்டலங்கள்.

ஞாயிற்றுக்கிழமை
கைபேசியை ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தார்.
உள்ளே எதேரி.
அறையைப் பார்க்க வேண்டுமாம்.
கட்டிலைக் காட்டினேன், என் பெட்டிகளை,
அவளுடைய கண்ணாடியில் தொங்கும் என் துண்டை
அவசரமாக உருவிவிட்டு, கண்ணாடியையும்.
சன்னல் என்றாள்.
வந்த நாளிலிருந்து திறக்காத சன்னல்.
இழுத்தேன். அசையவில்லை.
அவள் திரைக்குள் கையை உயர்த்தினாள்,
வெறுங்காற்றில் எதையோ தூக்கினாள், பிறகு தள்ளினாள்.
நானும் தூக்கினேன். தள்ளினேன்.

இலையுதிர்ந்த மரத்தில்
நனைந்தபடி சீமைப்பனிச்சைகள்.
எண்ணினாளோ என்னவோ,
உதடு அசைந்தது.

அங்கே ஒரு இருமல். ஒரு கூப்பாடு:
எலேனா!
அவர்கள் வாய்க்கு எதேரி வரவில்லை போலும்.
கைபேசியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.
திரையில் பாரி நகரத்து உத்தரம்,
ஒரு விளக்கு, கொஞ்சம் ஈரக்கறை.
நுக்ஸார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
நான் அணைக்கட்டுமா என்று கேட்கவில்லை.

வாடகையைப் பற்றி
ஏதோ சொல்ல வந்தவர்போல் படியில் ஒருமுறை திரும்பினார்.
தொள்ளாயிரம் தரத் தயாராய்
ஒரு ஜெர்மன்காரன் வந்துபோனது
எனக்கும் தெரியும்.
சாப்பிட்டாயா என்று மட்டும்
சைகையில் கேட்டார்.

இரவு மழை உள்ளே அடித்தது.
இழுத்துப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன்.
மூடுவது எப்படி என்று
அவள் சொல்லித்தரவில்லை.
பெட்டிகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டு
விடியும்வரை
அதன் கீழே ஒரு சட்டி வைத்திருந்தேன்.