இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்

ஒரு கிராம் கூடினால்
வேறு சட்டம் வந்துவிடும்.
ஆகவே சுழலிகளின் காவல் வளையங்களைக் கழற்றி
வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

மொராவியச் சிற்றூர். நவம்பர்.
பேருந்து நிறுத்தத்துக்கும் மதுக்கடைக்கும் நடுவே
சிமெண்டுத் தூணில் செருகி வைத்த
ஒரு மிக்-பதினைந்து.
மூக்கு வானத்தைப் பார்க்க
ஐம்பது வருடமாகக்
கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

நகராட்சி நாட்காட்டிக்குப் பன்னிரண்டு படம் வேண்டுமாம்.
அனுமதிக் கடிதத்தைக்
காற்று பிடுங்காதபடி
மார்போடு அணைத்து நிற்கிறாள் விளாஸ்தா.
எழும்பியது என் கொசு.

மதுக்கடைக் கதவைத் திறந்து ஹினெக் கத்துகிறார்:
"என் கூரைப் பக்கம் வராதே!"
பின்கட்டில் புதிதாய் ஓர் அறை,
யாரிடமும் கேட்காமல் கட்டியது.

விமானத்தின் வயிற்றில்
கைக்குட்டை அகலத்தில் ஒரு கண்ணாடி உண்டு.
அதன் பின்னால்தான் காமிரா இருந்தது;
பயிற்சி என்ற பேரில்
இந்த ஊர்க் கூரைகளை எல்லாம்
யாரிடமும் கேட்காமல் எடுத்த காமிரா.
இப்போது கண்ணாடிமேல் மூன்று பூச்சு சாம்பல் வர்ணம்.
அதற்கு நேர் கீழே வந்து நின்றுகொண்டு
ஹினெக் முஷ்டியை உயர்த்துகிறார்,
என் கொசுவைப் பார்த்து.

அண்ணாந்து பார்ப்பவர்களுக்காக
வயிற்றுக்குத்தான் வருடா வருடம் வர்ணம்.
முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை.
திரையில் அது விரிந்தபோது
கையுறைக்குள் விரல் நின்றது:
புறா எச்சம், துரு,
இறக்கை உடலோடு சேரும் இடுக்கில்
ஒரு கை மழைநீர், அதில் ஓர் இலை,
பக்கத்தில் பாசியில் பதிந்து
வெளிறிப்போன டென்னிஸ் பந்து.

"ஐயோ, என் பந்து!"
என் தோளுக்குப் பின்னால்
சைக்கிளோடு எட்டிப் பார்த்த பையன்.
"நீ பிறக்குமுன்னே விழுந்தது," என்றாள் விளாஸ்தா.
"என்னுடையது."
சொல்லிவிட்டு
கடிதத்தின் மடிப்பை நீவினாள்.

பேட்டரி பதினான்கு சதம்.
கடிதத்தில் இதற்கு அனுமதி இல்லை.
ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினேன்.
நான்கு சுழலிக் காற்றில்
நீர் நடுங்கியது,
இலை எழுந்து போனது,
பந்து யோசித்தது.
பிறகு பாசியை விட்டுப் பெயர்ந்து
பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைச் சரிவில்
மெல்ல,
அப்புறம் மெல்ல அல்லாமல்,
விளிம்பு வரை ஓடி

அந்த இறக்கையிலிருந்து
ஏதோ ஒன்று கிளம்பியே விட்டது.

துள்ளவில்லை. ஊறிய பந்து.
தொப்பென்று விழுந்து
ஹினெக்கின் செருப்பு வரை உருண்டது.
குனிந்து எடுத்தார்; பிழிந்தார்;
எத்தனையோ மழை
விரலிடுக்கில் வழிந்தது.
யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

மார்ச் மாதத்துக்குத் தேர்வான படத்தில்
பாதி இறக்கை,
பாசி நடுவே பந்து இருந்த வட்டம்,
ஓரத்தில், எப்படியோ,
தகரம் மினுங்கும் அந்தப் புது அறை.
"அதை வெட்டிவிடு," என்றாள் விளாஸ்தா,
திரையைப் பார்க்காமல்.
வெட்டிவிட்டேன்.

முழுப் படம்
என்னிடம்தான் இருக்கிறது.